பார்ட்டி நம்பர் 417

மூன்று மாதம், ஒன்றரை லட்சம்,
அடியோடு புதிதாக எழுதித் தருகிறேன் என்று
கொட்டேஷன் கொடுத்தேன்.
ஞானதுரை அண்ணாச்சி அதன்மேல்
அரைக்கிலோ படிக்கல்லைத் தூக்கி வைத்தார்,
பறக்காதிருக்க.
வேறொன்றும் சொல்லவில்லை.

கீழமாசி வீதி, வத்தல் கமிஷன் கடை.
கம்ப்யூட்டருக்குள்ளும் நெடி.
ஃபேனைக் கழற்றித் தட்டினால்
ஒரு குழம்புக்குக் காணும்.

புரோகிராமுக்கு இருபது வயது.
எழுதியவர் உச்சியில் இருக்கிறார்: ஷாஜிதா, 2004.
பிறகு கைவைத்தவர்கள்
பெயர் போடவில்லை.
இஃபுக்குள் இஃப், அதற்குள் இன்னொன்று,
பதினோராம் படி இறங்கினால் மூச்சு முட்டும்.
அங்கே சாக்கு எடை என்ற பெயரில்
கூலி கூட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது.
கூலி என்ற பெயரில் இருப்பது மகமை.
மகமை என்று ஒன்று இருக்கிறது,
அதற்கு வேலையே இல்லை.

சண்டை போட ஆள் கிடைக்காத கோபம்.
ராத்திரி வீட்டில், யாரும் கேட்காமலே,
புதியதை எழுத ஆரம்பித்தேன்.
என்ன சுத்தம்! ஒரு பெயருக்கு ஒரு வேலை.
எழுதி முடித்த பக்கத்தை
ஏறி இறங்கி இரண்டு முறை பார்த்துக்கொள்வேன்,
புதுச் சேலை கட்டியவள் கண்ணாடி பார்ப்பது மாதிரி.

ஆறாவது வாரம்
இருபது வருஷச் சீட்டையும்
இரண்டிலும் ஓட்டினேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு இடத்தில் உதைத்தது.
தப்பு பழையதில்தான் என்று
காப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

கமுதிச் சாக்குக்கு ஒரு எடை,
சாயல்குடிச் சாக்குக்கு வேறு.
தராசு கேபிள் ஆடினால் பூஜ்யம் வரும்,
மூன்று தரம் கேட்டுவிட்டு நம்பு.
ராத்திரி இறங்கி விடியலில் நிறுத்தால்
மூட்டைக்கு முந்நூறு கிராம் பனி, கழி.
அந்த அசிங்கமான இஃப் ஒவ்வொன்றும்
யாரோ கடையில் நின்று கத்திய ஒரு காலை.
என் புதியதற்குப் பனியே தெரியாது.

எல்லாம் தீர்ந்து ஒன்று மிஞ்சியது.
"பார்ட்டி 417 என்றால் கமிஷன் இல்லை. தொடாதே."
பெயர் இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு புள்ளி.
2011க்குப் பிறகு சரக்கே போடவில்லை.

கணக்கர் பால்பாண்டி
"நான் வேலைக்கு வர்றதுக்கு முந்தி" என்றார்.
அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து,
"தெரியலம்மா. அப்பா காலத்துல சொல்லியிருப்பாரு."
படியிறங்கியவளை நிறுத்தி,
"எடுத்துறாத."

மாசி வீதியில் நின்றேன்.
சித்திரையில் தேர் ஓடுவது இங்கே.
பெயரை நம்பிச் சித்திரை வீதியில் காத்திருந்தால்
வடம் கண்ணில் படாது.
மாதத்தை மாற்றியவர்கள்
வீதிக்குப் பெயர் மாற்றவில்லை.
குழம்புகிறவர்கள் பக்கத்தில் கேட்டுக்கொள்கிறார்கள்.

நல்ல உவமைதான்.
உவமையை வைத்து பில் அடிக்க முடியாது.
இந்தப் பழைய பெட்டி ஒருநாள் நிற்கும்,
அன்றைக்குப் புது மெஷின் எதுவும்
இதை ஏற்றுக்கொள்ளாது.
தெரியும். அதனால் என்னுடையதை அழிக்கவில்லை.
பனியை மட்டும்
அதற்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன்.

பழையதில் நேற்று ஒரே ஒரு காரியம் செய்தேன்.
மகமையை மகமை என்று எழுதினேன்,
நாற்பத்தொரு இடத்தில்.
ஓட்டிப் பார்த்தேன். ஒரு பைசா நகரவில்லை.
பிறகு "தொடாதே"க்குக் கீழே இன்னொரு வரி:
"ஏனென்று எனக்கும் தெரியாது.
கேட்டுப் பார்த்துவிட்டேன். முத்துப்பேச்சி."

கொட்டேஷன் மேல் படிக்கல் அப்படியே இருக்கிறது.
கமுதி லாரி பின்பக்கமாக வருகிறது,
பையன் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே நடக்கிறான்.
இன்னும் விடியவில்லை.
முதல் மூட்டை தராசில் ஏறுகிறது.
முந்நூறு கிராம் கழிகிறது.